பூண்டுக்குழம்பும் பூண்டு மாத்திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியகுளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பக்கத்தில்தான் வடுகபட்டிப் பூண்டுச் சந்தை. மூட்டை ஏற்றிய வண்டி வாசலைக் கடந்தால் மாத்திரை அட்டைகளின் வாசனை கூட அமுங்கிப்போகும். அதனாலோ என்னவோ, எங்கள் கடையில் பூண்டைப் பற்றிக் கேட்காமல் போகிறவர்கள் குறைவு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

பூண்டு உணவா, மருந்தா?

ரசத்தில் தட்டிப் போட்டால் உணவு. கொழுப்பு இறங்கவேண்டும் என்று தினமும் எண்ணி விழுங்கினால் மருந்து. உடம்பில் எதையோ மாற்றுவதற்காக ஒன்றைச் சாப்பிடத் தொடங்கிவிட்டால், அது யாருக்கு ஆகாது, வேறு எந்த மருந்தோடு சேராது, எப்போது நிறுத்தவேண்டும் என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடும். நம் ஆட்கள் பலனை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கடைக்கு வழக்கமாக வரும் பெரியவர் ஒருவருக்கு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கப் போனார். மருத்துவர் கேட்டதற்கு மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி, அவர் சொன்னபடி முன்னேற்பாடும் செய்துகொண்டார். ஆனாலும் பஞ்சு மாற்றி மாற்றி வைத்தும் இரத்தம் நிற்க வெகுநேரம் ஆகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, இரண்டு மாதமாகத் தினமும் எட்டுப் பல் பூண்டை நசுக்கித் தேனில் குழைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார். "ஏன் ஐயா இதைச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "மருந்து என்னென்ன என்று கேட்டார், சொன்னேன் தம்பி. பூண்டைப் பற்றி யார் கேட்டார்கள்?" என்றார். பூண்டு ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டது தவறு என்பதை அடித்துச் சொல்லலாம்.

பூண்டுக்கு அந்தக் காரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பல்லை உரித்து மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வாசனை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அதையே கத்தியின் பட்டையான பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்துங்கள். கண்ணைச் சுருக்க வைக்கும் நெடி சட்டென்று கிளம்பும். அது அதுவரை அந்தப் பல்லில் இல்லாத பொருள். நீங்கள் அழுத்திய நொடியில் உருவானது.

பல்லுக்குள் அலியின் என்ற கந்தகப் பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி வேறோர் அறையில் இருக்கிறது. நசுக்கும்போது நடுச்சுவர் இடிந்து இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. செடியைப் பொறுத்தவரை இது தன்னைக் கடிக்க வரும் பூச்சிக்கு வைத்த பொறி. அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்ற இரு வேதியியலாளர்கள் 1944இல் அல்லிசினைப் பிரித்தெடுத்து, அது பாக்டீரியாவைக் கொல்வதைக் காட்டினார்கள். ஆனால் அல்லிசின் நிலையானதல்ல. சற்று நேரத்திலேயே வேறு கந்தகச் சேர்மங்களாக உடையத் தொடங்கிவிடும்.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: நசுக்கிய பூண்டு, வேகவைத்த பூண்டு, பூண்டு எண்ணெய், பொடி மாத்திரை, ஊறவைத்து எடுத்த சாறு, இந்த ஐந்தும் வேதியியல் கணக்கில் ஐந்து வெவ்வேறு பொருள்கள். "பூண்டு நல்லதாமே" என்று யாராவது சொன்னால், "எந்தப் பூண்டு?" என்று கேட்கவேண்டும்.

அப்படியானால் பாட்டி காய்ச்சித் தந்த பூண்டுப்பால் வீணா?

வீண் என்று சொன்னால் என் பாட்டியே எழுந்து வருவாள். முழுப் பல்லைப் பாலில் போட்டு வேகவைத்தால், நசுங்குவதற்கு முன்பே சூடு நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால் அல்லிசின் பெரும்பாலும் உருவாகாது. பாலில் வெந்த பூண்டு வெண்ணெய் போல இனிப்பதும், காரம் காணாமல் போவதும் அதனால்தான். ஆனாலும் பலன் பூஜ்யம் ஆகிவிடுவதில்லை. 2018இல் வெளியான ஒரு ஆய்வில், பூண்டு சாப்பிட்டவர்களின் மூச்சில் வரும் கந்தகப் பொருளை அளந்து, உடம்புக்குள் அல்லிசினின் வேலை எவ்வளவு நடக்கிறது என்று கணக்கிட்டார்கள். நசுக்கிய பச்சைப் பூண்டை நூறு என்று வைத்தால், வேகவைத்தது 16, சுட்டது 30 என்ற அளவில் வந்தது.

மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்ட சூடான பால் தொண்டைக்கு இதமாக இருக்கும். இரவில் தூக்கமும் வரும். அதற்காகக் குடியுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்.

சமையலில் காரத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றவேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. பூண்டைத் தட்டி 10 நிமிடம் சும்மா வைத்துவிட்டு, அப்புறம் தாளிப்பில் போடுங்கள். நொதி தன் வேலையை அதற்குள் முடித்துவிடும். 2001இல் வெளியான, அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், நசுக்கிய உடனே சூடாக்கிய பூண்டு பலனை இழந்தது. 10 நிமிடம் காத்திருந்து சூடாக்கியது ஓரளவு தக்கவைத்துக்கொண்டது. அம்மியில் முதலில் பூண்டைத் தட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு மிளகு சீரகம் அரைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இது தானாகவே நடந்துவிடுகிறது.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழுப் பல்லைத் தண்ணீரோடு விழுங்குகிறேன். சரிதானே?

பல் நசுங்கவில்லையே, இரண்டு அறையும் எப்படிக் கலக்கும்? போதாக்குறைக்கு வயிற்று அமிலத்துக்கு அந்த நொதி தாங்காது. மென்று தின்றால் காரம் தாங்காமல் விழுங்குகிறீர்கள், விழுங்கினால் காரமே உருவாவதில்லை. வயதானவர்களுக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்து வேறு. நசுக்கி, சிறிது நேரம் வைத்து, சாப்பாட்டோடு பிசைந்து சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு நெஞ்செரிச்சலைத்தான் முதலில் தரும்.

கடையில் பல வகை மாத்திரை இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

பொடி மாத்திரை என்பது பூண்டை அதிகச் சூடில்லாமல் உலர்த்திப் பொடித்துச் செய்தது. அலியினும் நொதியும் அதில் தூங்கிக்கொண்டிருக்கும். வயிற்றில் ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளவேண்டும். விழிக்கிறதா என்பது தயாரிப்பைப் பொறுத்தது. மேலே சொன்ன 2018 மூச்சு ஆய்வில் சில மாத்திரைகள் பச்சைப் பூண்டுக்குச் சமமாக வந்தன, சில கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று நின்றுவிட்டன. அட்டையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முத்துப் போல இருக்கும் மெல்லிய கேப்சூலில் இருப்பது பூண்டு எண்ணெய். ஆவியில் வடித்தெடுத்த எண்ணெயைத் தாவர எண்ணெயில் கலந்து அடைத்திருப்பார்கள். அதில் அல்லிசின் கிடையாது. அதிலிருந்து உடைந்த வேறு கந்தகச் சேர்மங்கள்தான் உண்டு. மூன்றாவது வகை, ஜப்பானியர் பெயர்பெற வைத்த முதிர்பூண்டுச் சாறு. நறுக்கிய பூண்டை ஆல்கஹால் கலந்த நீரில் 20 மாதம் வரை ஊறப்போட்டு எடுப்பது. வாடை அனேகமாக இருக்காது, அல்லிசினும் இருக்காது. எஸ்-அல்லைல் சிஸ்டீன் என்ற வேறொரு பொருளை நம்பி அது விற்கப்படுகிறது. இரத்த அழுத்தம் பற்றிய நல்ல ஆய்வுகளில் சில இதை வைத்துத்தான் நடந்தன.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருந்தால் அது துணை உணவு. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அதில் அச்சிட்டிருக்கவேண்டும் என்பது இந்திய விதி. மருந்தாக நினைத்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் உரிமம் வேறு, எண் வேறு. பூண்டு லேகியம் அந்தக் கணக்கில் வரும். அதில் வெல்லமோ கருப்பட்டியோ நிறைய இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் கரண்டியைப் பார்த்துப் போடவேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட மூலிகைத் தொகுப்பில் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு இது: பச்சைப் பூண்டு 2 முதல் 5 கிராம், அல்லது உலர்ந்த பொடி 0.4 முதல் 1.2 கிராம், அல்லது பூண்டு எண்ணெய் 2 முதல் 5 மில்லிகிராம்.

'தினமும் ஒரு பல்' என்று எழுதுகிறவர்கள் எந்தப் பல்லைச் சொல்கிறார்கள் என்று ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தேன். நாட்டுப்பூண்டுப் பல் ஒன்று ஒரு கிராமைச் சுற்றி நின்றது. பெரிய பல் பூண்டில் ஒன்று ஐந்து கிராமைத் தொட்டது. ஆகவே பல் கணக்கு ஊருக்கு ஊர் மாறும், கிராம் கணக்கு மாறாது. உங்கள் வீட்டுப் பூண்டு சிறுபல் என்றால் மூன்று நான்கு பல், பெரும்பல் என்றால் ஒன்று. அதற்கு மேல் போனால் பலன் கூடாது, வாயு கூடும்.

கொலஸ்ட்ரால் குறையுமா?

பூண்டு மாத்திரை விற்பதே இந்தக் கேள்வியால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் ஒரு சோதனை நடத்தி, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு மிதமாகக் கூடியிருந்த 192 பேர். அவர்களை நான்காகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டு, ஒன்றுக்குப் பொடி மாத்திரை, ஒன்றுக்கு முதிர்பூண்டுச் சாறு, ஒன்றுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. வாரம் 6 நாள், மொத்தம் 6 மாதம். பச்சைப் பூண்டை சான்ட்விச்சில் வைத்து, ஆய்வுக்காரர்களே தயாரித்துக் கொடுத்தார்கள். மாதாமாதம் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எந்தப் பிரிவிலும் எல்.டி.எல். அசையவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 2013இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்கு மேல் உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் மொத்தத்தில் சுமார் 17 புள்ளியும் எல்.டி.எல்.லில் சுமார் 9 புள்ளியும் குறைவதாகச் சொன்னது. சேர்த்த சோதனைகளில் பல சிறியவை. சரி, 9 புள்ளி என்றே வைத்துக்கொள்வோம். எல்.டி.எல். 160 உள்ளவருக்கு அது 151 ஆகும். மருத்துவர் எழுதித்தரும் ஸ்டேட்டின் மாத்திரை அதை மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி குறைக்கும். மாரடைப்பைத் தடுப்பதற்கும் அதற்குச் சான்று இருக்கிறது. பூண்டு சாப்பிடுகிறேன் என்று ஸ்டேட்டினை நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதை எழுத்திலும் மறைக்கப்போவதில்லை.

இரத்த அழுத்தம்?

கொலஸ்ட்ராலைவிட இதில் பூண்டுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். அழுத்தம் ஏற்கனவே கூடியிருப்பவர்களுக்கு, தொடர்ந்து மூன்று மாதம் போல எடுத்தால் மேல் எண் சராசரியாக 8, கீழ் எண் 5 அளவுக்குக் குறைவதைத் தொகுப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. அழுத்தம் சரியாக இருப்பவர்களுக்கு மாற்றம் அனேகமாக இல்லை. ஆனால் 180 வைத்துக்கொண்டு பூண்டை நம்பி உட்காரக் கூடாது. 8 கழித்தால் 172. அது ஆபத்தான எண்தான். மாத்திரையோடு சேர்த்து எடுப்பவர்கள் வீட்டில் கருவி வைத்து அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் மருத்துவரிடம் போங்கள்.

சளி பிடிக்காமல் தடுக்குமா?

எல்லோரும் மேற்கோள் காட்டும் சோதனை இங்கிலாந்தில் நடந்து 2001இல் வெளியானது. 146 பேர், 12 வாரம், குளிர்காலம். பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு 24 தடவையும், போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 65 தடவையும் சளி பிடித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சளி பிடித்ததா என்று குறித்துக்கொண்டது அவரவர்களே. பரிசோதனை எதுவும் கிடையாது. பூண்டு ஏப்பம் வந்தவருக்குத் தான் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று தெரியாமலா இருக்கும்? மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுக் குழு இந்த ஒரே சோதனையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று நிறுத்திக்கொண்டது. நானும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

கொரோனா வந்தபோது பூண்டைத் தேடி அலைந்தோமே, அதற்கும் பதில் அப்போதே வந்துவிட்டது. பூண்டு நல்ல உணவு, ஆனால் கொரோனாவிலிருந்து காக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று 2020இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

புற்றுநோய்?

சீனாவில் ஷாண்டோங் மாகாணத்தில், வயிற்றுப் புற்றுநோய் அதிகமுள்ள லின்சூ வட்டாரத்தில், 3,365 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 1995இல் தொடங்கி 7 ஆண்டுக்கு மேல் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்து முடித்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்டபோது, பூண்டு எடுத்தவர்களில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அது ஒரு வட்டாரத்தின் கதை. வந்துவிட்ட நோயைப் பூண்டு குணமாக்கும் என்று அது சொல்லவே இல்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கேப்சூல் கூடப் போடவேண்டாம்.

எந்த மாத்திரைகளோடு பூண்டு சேராது?

முதலில் இரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மருந்துகள்: வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவை. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைப் பூண்டின் சில பொருள்கள் தடுக்கின்றன. அவற்றில் அஜோயீன் என்பது 1984இல் அடையாளம் காணப்பட்டது. 'அஹோ' என்றால் ஸ்பானிய மொழியில் பூண்டு, பெயர் அதிலிருந்து வந்தது. ஏற்கனவே தட்டணுவை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு அதன் மேல் இன்னொன்று. 1990இல் ஒரு மருத்துவ இதழில் பதிவானது இது: 87 வயது முதியவர் ஒருவருக்கு அடிபடாமலேயே தண்டுவடத்தை ஒட்டி இரத்தம் கசிந்து கட்டியது. அவர் அதிகமாகப் பூண்டு சாப்பிட்டு வந்ததையும், தட்டணுக்கள் சரியாக வேலை செய்யாததையும் மருத்துவர்கள் இணைத்துப் பார்த்தார்கள். இது அரிது. குழம்பில் போடும் பூண்டுக்காகப் பயப்படவேண்டியதில்லை. மருந்தளவில் எடுப்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது எச்.ஐ.வி. மருந்துகள். சாக்வினாவிர் என்ற மருந்தோடு பூண்டு மாத்திரையைக் கொடுத்து அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களைச் சோதித்தார்கள். இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு 51 சதவீதம் சரிந்தது. பூண்டை நிறுத்திப் பத்து நாள் ஆன பிறகும் முழுதாக மீளவில்லை. 2002இல் வெளியான ஆய்வு இது. இதற்குப் பிறகும், தென்னாப்பிரிக்காவின் சுகாதார அமைச்சராக இருந்த மான்டோ ஷபலாலா-ம்சிமாங் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். 2006இல் டொரான்டோவில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் அந்த நாட்டின் அரங்கிலேயே பூண்டு காட்சிக்கு வைக்கப்பட்டது, உலகமே கண்டித்தது. சாக்வினாவிர் இன்று வழக்கொழிந்துபோன மருந்துதான். ஆனாலும் 'இயற்கைதானே, என்ன செய்துவிடும்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த 51தான் நினைவுக்கு வரும்.

சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள்: பூண்டு மாத்திரையால் வெறும் வயிற்றுச் சர்க்கரை சிறிது குறையலாம். அளந்து பார்த்துக்கொண்டால் போதும்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால்?

குறைந்தது ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்துங்கள். இரண்டு வாரம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். பல் பிடுங்குவதும் இதில் சேர்த்தி. பெரியவர் கதையைத்தான் மேலே படித்தீர்களே.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுத்தால் பால் ஊறும் என்கிறார்களே?

பூண்டுக்குழம்பு, பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி, பாலில் வெந்த பூண்டு: பிரசவ அறையின் வாசனையே இதுதான். தாய்க்குச் சூடாக, சத்தாகச் சாப்பாடு கிடைப்பதற்கு இந்தப் பழக்கம் காரணமாக இருக்கும்வரை நான் அதற்குக் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஆய்வு என்று பார்த்தால் 1991இல் வெளியானது ஒன்று சுவையானது. தாய்மார்களுக்குப் பூண்டுக் கேப்சூல் கொடுத்து, தாய்ப்பாலை முகர்ந்து பார்க்க வைத்தார்கள். முதல் ஒரு மணி நேரம் வாடை தெரியவில்லை, இரண்டாம் மணியில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கியது. பூண்டு மணத்த பாலைக் குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பைப் பற்றியிருந்தன, அதிகம் உறிஞ்சின. குழந்தை நன்றாகச் சப்பினால் பால் சுரக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பாட்டிமார் சொன்னதில் உள்ள உண்மை அந்த வழியாகக்கூட வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

கர்ப்பகாலத்திலும் சமையல் அளவில் தயக்கம் வேண்டாம். மாத்திரை மட்டும் வேண்டாம், அதுவும் பிரசவ நாள் நெருங்கும்போது வேண்டவே வேண்டாம்.

பரு, பல்வலி, காதுவலிக்குப் பூண்டை நேரடியாக வைக்கலாமா?

வைக்காதீர்கள். பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டினால் சில மணி நேரத்தில் கொப்புளம் கிளம்பும். நெருப்பில் சுட்டது போலவே இருக்கும். குழந்தைகளின் தோலில் கட்டிப் புண்ணான நிகழ்வுகள் உலகம் முழுவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பருவுக்கு ஒரு இரவு முழுக்கப் பூண்டுச் சாறு தடவிக்கொண்டு கடைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் கன்னத்தில், பரு இருந்த இடத்தில் பரு இல்லை. அதைச் சுற்றி ஐம்பது காசு அளவுக்குத் தோலே இல்லை.

நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சிக் காதில் விடுவதும் அப்படித்தான். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும்.

சமையல்காரர்கள், பூண்டு உரிப்பவர்கள் சிலருக்கு ஒரு கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் தடித்து வெடித்திருக்கும். வலக்கையில் கத்தி பிடிப்பவருக்கு இடக்கையில் இருக்கும், பல்லைப் பிடிப்பது அந்தக் கைதானே. சேற்றுப்புண் மருந்து கேட்டு வருவார்கள். அது பூண்டு ஒவ்வாமை. சாதாரண ரப்பர் கையுறையையும் ஒவ்வாமை தரும் அந்தப் பூண்டுப் பொருள் ஊடுருவிவிடும்.

எண்ணெயிலும் தேனிலும் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைக்கலாமா?

எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைப்பது உயிருக்கே ஆபத்து. மண்ணில் இருக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்து பூண்டில் ஒட்டியிருக்கும். காற்று இருக்கும்வரை அது சும்மா இருக்கும். எண்ணெய்க்குள் காற்றும் இல்லை, புளிப்பும் இல்லை என்றால் முளைத்து நச்சை உண்டாக்கும். அது நரம்பை முடக்கும் நச்சு. நிறமோ வாசனையோ மாறவேண்டும் என்பதில்லை. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் ஊறிய புட்டிப் பூண்டைச் சாப்பிட்ட 36 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். ஃபிரிட்ஜில் வைக்கவேண்டிய புட்டியை வெளியில் வைத்திருந்தார்கள்.

நம் பூண்டு ஊறுகாயும் எண்ணெயில்தானே மிதக்கிறது என்று கேட்பீர்கள். அதில் புளியும் எலுமிச்சையும் உப்பும் இருக்கின்றன. அந்தப் புளிப்பில் இந்த வித்து முளைக்காது. புளிப்பில்லாத பூண்டு எண்ணெய் வீட்டில் செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். தேனில் போட்டால் பூண்டின் ஈரம் தேனை இளக்கிவிடும். கொஞ்சமாகப் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் முடியுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குப் பூண்டு போட்டதோ போடாததோ, தேனே கூடாது.

மலைப்பூண்டுக்கு மருத்துவ குணம் அதிகமா? ஒற்றைப் பூண்டு?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டிப் பாதுகாப்பார்கள். நெடி, காரம், கெடாமல் நிற்கும் ஆயுள் மூன்றிலும் அது உசத்தி. காரம் கந்தகத்திலிருந்து வருவது என்பதால் அதற்குக் கூடுதல் விலை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒற்றைப் பூண்டு என்பது பல்லாகப் பிரியாமல் நின்றுபோன பூண்டு. உரிக்க வசதி. அதைத் தனி மருந்து என்று சொல்லி மூன்று மடங்கு விலை வைப்பவரிடம் வாங்காதீர்கள். எதுவானாலும் அழுத்தினால் கெட்டியாக இருக்கவேண்டும். தோலுக்குள் பல் ஆடினால் காய்ந்துபோனது.

முளைத்த பூண்டு, பச்சையாக மாறிய பூண்டு?

இரண்டையும் சாப்பிடலாம். ஊறுகாயில் பச்சையோ நீலமோ ஆவது கந்தகப் பொருளும் புளிப்பும் சேர்ந்து விளையாடுவது. பூசணம் பூத்ததை மட்டும் தூக்கி எறியுங்கள்.

வாயுவுக்குப் பூண்டு நல்லது என்கிறார்கள், எனக்குப் பூண்டுதான் வாயுவே தருகிறது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பூண்டில் ஃபிரக்டன் என்ற மாவுச்சத்து வகை அதிகம். சிறுகுடலில் அது செரிக்காது, பெருங்குடலில் பாக்டீரியாவுக்கு விருந்தாகும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு வயிறு உப்பும். அவர்களுக்கு ஒரு தந்திரம்: ஃபிரக்டன் எண்ணெயில் கரையாது. தாளிக்கும் எண்ணெயில் பூண்டைப் பொரித்து, மணம் இறங்கியதும் பூண்டை எடுத்துப் போட்டுவிடுங்கள். மணம் குழம்பில், வாயு குப்பையில்.

வாடை போக என்ன செய்வது?

பல் துலக்கிப் பயனில்லை. அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற பொருள் இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது, வியர்வையிலும் வருகிறது. சாப்பிடும்போதே பால், ஆப்பிள், புதினா சேர்த்துக்கொண்டால் குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பூண்டுக்குழம்பு சாப்பிட்டுவிடுவது இன்னும் எளிது.

எங்கள் வீட்டில் பூண்டே சேர்ப்பதில்லை. ஏதாவது நட்டமா?

இல்லை. மேலே உள்ள எண்களைப் பார்த்தீர்கள் அல்லவா? பூண்டு இல்லாததால் வரும் நோய் என்று ஒன்று கிடையாது.

நாய்க்குப் பூண்டு போட்ட சோறு வைக்கலாமா? உண்ணி வராது என்கிறார்கள்.

வைக்காதீர்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையைக் கொண்டுவரும், பூனைக்கு இன்னும் சீக்கிரம் வரும். உண்ணிக்குக் கால்நடை மருத்துவமனையில் மருந்து இருக்கிறது. மீந்த பூண்டுக்குழம்பை நீங்களே மறுநாள் காலை பழைய சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.